சிவப்பு வட்டம் போட்டவர்

எனக்கு எழுத வராது. பத்தாம் வகுப்புச் சோதனையோடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியவை எல்லாம் வாழ்த்து மட்டைகளும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பிய துண்டுகளும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூசுகிற ஆள் நான். அப்படிப்பட்ட ஒருத்தி இன்னொரு மனிதரைப் பற்றி, அதுவும் நல்லதாக ஒன்றும் சொல்ல முடியாத மனிதரைப் பற்றி, எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டாலும் அவர் போகிறார் இல்லை. தொலைக்காட்சியில் யாராவது இருட்டுக்குள் அரை முகத்தோடு உட்கார்ந்து கதைக்கத் தொடங்கினால் போதும், அவர் ஞாபகம் வந்துவிடுகிறது.

பெயரை எழுதமாட்டேன். அந்தக் காலத்தில் ஜேர்மனியின் வுப்பர்டாலில் இருந்த தமிழர்களுக்குப் பெயர் இல்லாமலே ஆளை விளங்கும். இப்போது அவர் லண்டனுக்குப் போய்விட்டார். அங்கேயும் இதே வேலையைத்தான் செய்வார் என்று நினைக்கிறேன்.

கிழமை நாட்களில் அவருக்குத் திருகாணி செய்கிற தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறு கமரா. கலியாணம், பூப்புனித நீராட்டு, பிறந்தநாள், செத்தவீடு எல்லாவற்றுக்கும் எங்கள் பகுதியில் அவர்தான் படம் பிடிப்பார். செத்தவீட்டைப் படம் பிடிப்பது சிலருக்கு விசித்திரமாக இருக்கலாம். எங்கள் சாவுக்கு வர வேண்டியவர்கள் கனடாவிலும் லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பார்கள். விசா கிடைக்காது, லீவு கிடைக்காது. அவர்கள் படத்தைப் பார்த்துத்தான் அழ வேண்டும். ஆகவே பெட்டியின் தலைமாட்டில் ஐயர் நின்றால் கால்மாட்டில் கமராக்காரர் நிற்பார். யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை.

அவர் எங்களுக்குக் கீழ்மாடியில் குடியிருந்தார். ஞாயிறு மத்தியானத்தில் வேறு வேலை இல்லாவிட்டால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் வீட்டிலும் தொலைக்காட்சி இருந்தது. ஆனால் அங்கே அவருடைய மனைவியும் இருந்தா. "உந்தச் சாவுகளை என்ரை வீட்டுக்கை போடாதையுங்கோ" என்று அவ சொல்லிவிட்டாவாம். என் கணவருக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. ஆகவே அந்தச் சாவுகள் எங்கள் வீட்டுக்கு வந்தன.

அது பல பகுதிகளாக வந்த ஒரு விவரணப் படம். அமெரிக்காவில் பெயர்பெற்ற ராப் பாடகர்கள் சிலர் கொல்லப்பட்டதும், கொன்றவர் யார் என்று தெரியாமலே போனதும்தான் கதை. ஓய்வுபெற்ற பொலிஸ்காரர்களும் முகம் காட்டாத சாட்சிகளும் மாறிமாறி வந்து கதைப்பார்கள். ராப் என்றால் தாளத்துக்கு மேல் வேகமாகப் பேசிக்கொண்டே போகிற பாட்டு. எனக்கு அதில் ஒன்றும் பிடிபடாது. அவருக்கும் பிடிபடாது. பாட்டு வருகிற இடம் வந்தால், "உதை ஓட்டுங்கோ, உது தேவையில்லை" என்பார். செத்த மனிதர்கள் பாடிய ஒரு பாட்டைக்கூட அவர் முழுதாகக் கேட்டதில்லை. அவர்கள் காரில் எந்தப் பக்கக் கதவோடு இருந்தார்கள், யார் பின்னால் வந்தார்கள், யார் முன்னதாக இறங்கிப் போனார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ!"

என் கணவர் நிறுத்துவார். அவர் எழும்பிப் போய்த் திரையில் விரலை வைப்பார். ரோல்ஸ் சாப்பிட்ட விரல். அவர் போன பிறகு அந்த எண்ணெயைத் துடைப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலைகளில் ஒன்று.

"இவன்தான்."

"அண்ணை, இவன் அவையின்ரை சிநேகிதன் எல்லோ?" என்பார் என் கணவர்.

"அதுதான் சொல்லுறன். கூட நிக்கிறவன்தான் செய்வான். வெளியாள் ஒருநாளும் செய்யமாட்டான்."

"அமெரிக்கப் பொலிசுக்கே பிடிபடாத ஆளை…"

"பொலிஸ் சம்பளத்துக்குப் பாக்குது. நான் விருப்பத்துக்குப் பாக்கிறன். வித்தியாசம் இருக்கு."

அடுத்த பகுதியில் வேறொருவன்மேல் சந்தேகம் வரும். அவர் வெட்கப்படமாட்டார். அவனும் யாருக்காவது பக்கத்தில் நின்றிருப்பான். அதைக் கண்டுபிடித்து, "நான் அண்டைக்கே சொன்னன்" என்பார். என்றைக்குச் சொன்னார் என்று என் கணவர் கேட்கமாட்டார். நான் குசினி வாசலில் நின்று தேத்தண்ணீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அந்தப் படத்தில் ஒரு தாய் வந்தா. கொல்லப்பட்டவர்களில் ஒருவனுடைய அம்மா. தன் வீட்டுக் குசினியில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தவ, மகன் சின்ன வயதில் போட்ட சட்டையைப் பற்றிச் சொல்லும்போது உடைந்து அழுதா.

"நிப்பாட்டுங்கோ. இப்ப பாருங்கோ, கண் எங்கை போகுது? பக்கத்தாலை போகுது. உண்மையா அழுகிற ஆள் கீழை பாக்கும். உவ என்னத்தையோ மறைக்கிறா."

எனக்கு எப்படி வாய் திறந்தது என்று தெரியவில்லை. "பிள்ளையைப் பறிகுடுத்த மனிசி எல்லோ அண்ணை" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சின்னப் பிள்ளை பேசிவிட்டதுபோல ஒரு சிரிப்பு.

"தங்கச்சி, நீங்கள் படத்தைப் பாக்கிறியள். நான் படத்துக்குள்ளை பாக்கிறன்."

பிறகு இன்னும் ஒரு ரோல்ஸ் இருக்குமா என்று கேட்டார். உப்புக் காணாது என்றும் சொன்னார்.

இந்தப் படப் பைத்தியம் மெல்ல மெல்ல அவருடைய கமராவுக்குள்ளும் ஏறியது. எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் மகளுக்குப் பூப்புனித நீராட்டு விழா. வழக்கமாக மாமன்மாரும் மாமிமாரும் வரிசையாக வந்து ஒரு வாழ்த்துச் சொல்வார்கள். இவர் மண்டபத்தின் பின்னறையில் ஒரு கதிரையைப் போட்டு, பக்கத்தில் ஒரு விளக்கை மட்டும் வைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இருத்தினார். அரை முகம் வெளிச்சம், அரை முகம் இருட்டு. தாய்மாமனிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்: "நீங்கள் அவவைக் கடைசியா எப்ப சின்னப் பிள்ளையாக் கண்டனீங்கள்?"

தாய்மாமன் பயந்துபோனார். படம் வந்தபோது அதற்கு அடியில் நெஞ்சு இடிக்கிற மாதிரி ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. சாமத்தியப்பட்ட பிள்ளை கதவைத் திறந்து வருகிற இடத்தில் படம் கறுப்பு வெள்ளையாகி நின்றது. அந்தத் தாய் என்னிடம் சொல்லிக் கவலைப்பட்டா: "பாக்கிற ஆக்கள் பிள்ளைக்கு ஏதோ நடந்துபோச்சு எண்டெல்லோ நினைப்பினம்." அவரிடம் சொன்னீங்களா என்று கேட்டேன். சொன்னாவாம். "உங்களுக்கு விளங்காது, உலகத்திலை இப்ப இப்பிடித்தான் எடுக்கினம்" என்றாராம்.

இன்னொரு தடவை கோயிலில் அவருடைய சப்பாத்தைக் காணவில்லை. பூசை முடிந்து சனம் வெளியே வருகிறது. அவர் வாசலில் நின்று ஒவ்வொருவருடைய காலையும் பார்க்கிறார். இந்தியாவிலிருந்து படிக்க வந்த ஒரு பையன் கறுப்புச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றான். டார்ம்ஸ்டாட்டிலிருந்து யாரையோ பார்க்க வந்தவன். பாவம், அவன்தான் உள்ளே அவருக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டவன்.

"தம்பி, உந்தச் சப்பாத்து எங்கை வாங்கினது?"

"அங்கிள், இது என்னோடது. வேணும்னா சைஸ் பாருங்க."

"நான் சைஸ் கேக்கேல்லை. எங்கை வாங்கினது எண்டு கேட்டனான். ஏன் கண் அங்கை போகுது?"

"சாமி வெளிய வருது அங்கிள், அதான் பார்க்கிறேன்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பையன் சப்பாத்தைக் கழற்றி, அளவைக் காட்டி, காதெல்லாம் சிவந்துபோய் நின்றான். அவருடைய சப்பாத்து அவருடைய கமராப் பைக்குக் கீழேயே கிடந்தது. கண்டெடுத்துக் கொடுத்தது நான். அவர் அந்தப் பையனிடம் ஒரு சொல் சொல்லவில்லை. என் கணவர், "அண்ணை, பெடியனிட்டை ஒரு மன்னிப்பு…" என்று இழுத்தார்.

"என்னத்துக்கு? நான் கள்ளன் எண்டு சொன்னனானே? கேள்விதானே கேட்டனான்."

இந்தச் சொல்லை அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போது அது வெறும் வீம்பாகப் பட்டது.

இனி மாலதி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் நானும் அவவும் ஒன்றாக வேலை செய்தோம். கணவர் இல்லை. கஜன் என்று ஒரே ஒரு மகன். அவனும் ராப் பாடுகிறவன்தான். ஜேர்மன் மொழியில் பாடுவான், நடுவில் தமிழ் வரிகள் வரும். எங்கள் பெரியவர்களுக்கு அது பாட்டாகப் படவில்லை. இளம் பிள்ளைகள் அவனைத் தெருவில் கண்டால் நின்று படம் எடுப்பார்கள். ஒருமுறை கஜன் நம்முடைய கமராக்காரரிடம் வந்து, தன் பாட்டு ஒன்றைப் படம் பிடித்துத் தர முடியுமா என்று கேட்டான்.

"உந்தக் கத்தலுக்கு என்ரை கமராவைத் தூக்கேலாது" என்றார். அவன் சிரித்துக்கொண்டு, "பரவாயில்லை அங்கிள்" என்று போனான்.

ஒருநாள் பின்னேரம், பாட்டு நிகழ்ச்சி ஒன்று முடிந்து வெளியே வந்த இடத்தில் யாரோ கஜனைக் கத்தியால் குத்தினார்கள். கூடப் போயிருந்த அவன் சிநேகிதன் நிரோஷ் காரை எடுக்கப் போயிருந்தான். காரோடு வந்தபோது கஜன் நிலத்தில் கிடந்தான். நிரோஷ் தாதி வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிற பிள்ளை. காயத்தை அமத்திப் பிடித்துக்கொண்டு அம்புலன்ஸ் வரும்வரை இருந்தான். வழியிலேயே கஜன் முடிந்துவிட்டான். இன்றுவரை பொலிஸ் ஆளைப் பிடிக்கவில்லை.

கீழ்மாடியில் இருந்தவர் சந்தோஷப்பட்டார் என்று எழுதினால் எனக்குப் பாவம் வரும். ஆனால் செய்தி தெரிந்த அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவருடைய முகத்தில் இருந்தது துக்கம் இல்லை. உட்காரவே முடியாமல் அங்கும் இங்கும் நடந்தார். "எங்கடை ஊரிலை, எங்கடை ஆள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கஜனின் முதல் பாட்டைப் படம் பிடிக்கத் தன்னிடம்தான் கேட்டான் என்று சொன்னார். மாட்டேன் என்று தான் சொன்னதை விட்டுவிட்டார்.

செத்தவீட்டில் கொள்ளி வைக்க ஆள் இல்லை. மாலதி அக்காவின் அண்ணன் கனடாவில். அவருக்கு அந்த நேரம் வர முடியவில்லை. மாலதி அக்கா நிரோஷைக் கேட்டா. நிரோஷ் வேதக்காரப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற குடும்பம். ஐயர் கொஞ்சம் யோசித்தார். "என்ரை பிள்ளையின்ரை கையைக் கடைசியாப் பிடிச்சிருந்தது அவன்தான் ஐயா" என்றா மாலதி அக்கா. ஐயர் தர்ப்பையை எடுத்துவைத்தார். நிரோஷ் கழுத்திலிருந்த சிலுவைச் சங்கிலியைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேட்டியை யாரோ கட்டிவிட, பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

அவனுக்கு ஒன்றும் தெரியாது. தர்ப்பையை எந்த விரலில் போடுவது, வாய்க்கரிசி எப்படிப் போடுவது, ஒன்றும் தெரியாது. ஐயர் மந்திரம் சொல்லுகிற வேகத்தில் கண்ணாலும் தலையாலும்தான் காட்டுவார். பிள்ளை தர்ப்பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றான். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கூட்டத்துக்கு முன்னால் போகவும் கூச்சம். ஆகவே கமராவுக்குப் பின்னால், சுவரோரமாய், அவனுக்கு மட்டும் தெரிகிற இடத்தில் போய் நின்றேன். கையால் காட்டினேன். இந்தக் கை. இப்ப குனி. இப்ப போடு. தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பெட்டியைச் சுற்ற வேண்டும். கோயிலைச் சுற்றுகிற பக்கமாகச் சுற்றக் கூடாது, அதற்கு எதிர்ப்பக்கம். அவன் பிழையான பக்கம் திரும்பப் போனான். நான் கையை வீசிக் காட்டினேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, திரும்பி, சரியான பக்கமாகப் போனான். ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தான். அழ அவனுக்கு நேரமே இல்லை.

மாலதி அக்காவின் அக்கா ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்தா. அவ பார்க்கட்டும் என்றுதான் மாலதி அக்கா படத்தைக் கேட்டா. படம் சில நாட்களில் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்தது.

இரத்தம் வடிகிற மாதிரி எழுத்துகள் வந்தன. அடியில் அந்த நெஞ்சு இடிக்கிற சத்தம். பிறகு அவரே வந்தார். அரை முகம் இருட்டில், தொண்டையைச் செருமி, "ஒரு கலைஞன் கொல்லப்பட்டான். கொன்றது யார்?" என்றார். கஜனின் பாட்டில் ஒரு வரிகூட இல்லை. ஐயர் வந்தார், பெட்டி வந்தது, மாலதி அக்கா மயங்கி விழுந்தது மெதுவாக ஓடியது. நிரோஷ் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிற இடத்தில் படம் நின்றது. அவன் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அம்புக்குறி. கீழே எழுத்து: "கூட இருந்தவர் ஏன் அழவில்லை? இவர் கண்கள் யாரைத் தேடுகின்றன?"

நான் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். ஈரத்துணி கையில் இருந்தது.

கனடாவிலிருந்து அண்ணன் போன் அடித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா அடித்தா. "செய்தவனே கொள்ளி வைச்சிருக்கிறான், நீ பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறாய்" என்று தங்கச்சிக்குச் சொன்னாவாம். சனிக்கிழமைகளில் மாலதி அக்காவுக்குக் கடைச்சாமான் வாங்கி மாடிக்கு ஏற்றிக்கொடுத்த நிரோஷ் வருவதை நிறுத்திவிட்டான். தமிழ்க் கடையில் அவனைக் கண்டால் சனம் குரலைத் தாழ்த்தியது. கிரிப்போ என்கிற குற்றப் பொலிசார் அவனைச் சாட்சியாகக் கூப்பிட்டுக் கேட்டு முடித்து, அவன்மேல் ஒன்றும் இல்லை என்று அனுப்பியிருந்தார்கள். அதை யாரும் கைப்பேசியில் அனுப்பிப் பார்க்கவில்லை.

என் கணவர் அதிசயமாக ஒருமுறை கீழே போய், அந்த வட்டத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"என்னவாம்?"

"கேள்விதானே போட்டனான் எண்டுறார்."

அடுத்த நாள் படத்தைத் திரும்பவும் அனுப்பியிருந்தார், அந்த எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்விக்குறி சேர்ந்திருந்தது. அவருடைய கணக்கில் அதுதான் திருத்தம்.

இதற்கெல்லாம் மேலாக எனக்குப் பயம் தந்தது வேறொன்று. ஒருநாள் வேலையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கும்போது மாலதி அக்கா கேட்டா:

"நீர் என்ன நினைக்கிறீர்? அவன் ஏன் அழேல்லை?"

"அக்கா, அவன் என்னைத்தான் பாத்தவன். நான்தான் அங்காலை நிண்டு கை காட்டினனான்."

"ஓம்" என்றா. ஆனால் கண் என்னில் இல்லை. "உமக்கு இரக்கம். அதாலை சொல்லுறீர்."

நான் சொன்னது அவவுக்கு ஆறுதல் வார்த்தையாகப் போய்விட்டது. அந்தச் சிவப்பு வட்டத்தை அவ எத்தனை தரம் பார்த்தாவோ. எனக்குக் கீழ்மாடிக்காரர்மேல் முதன்முதலாக வந்தது கோபம்கூட இல்லை. அருவருப்பு. அமெரிக்கத் தாய் அழுதபோது அவர் படத்துக்குள் பார்த்த அதே பார்வையை இப்போது ஒரு தமிழ்த் தாயின் தலைக்குள் வைத்துவிட்டார்.

முப்பத்தோராம் நாள் கிரியை ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. கனடா அண்ணன் வந்திருந்தார். கொள்ளி வைத்தவரே இதையும் செய்ய வேண்டும் என்பது முறை. அண்ணன் தானே செய்வதாகச் சொல்லி வேட்டியோடு தயாராக நின்றார். நிரோஷ் வந்து கதவடியில் நின்றான். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. யாரும் அவனை வா என்று சொல்லவில்லை. அவனுடைய அம்மா, அவனைப் போக வேண்டாம் என்றுதான் சொன்னதாகப் பிறகு எனக்குச் சொன்னா.

கமராக்காரர் யாரும் கூப்பிடாமலே வந்திருந்தார். முக்காலியை விரித்துக் கமராவைக் கதவுப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்.

"பகுதி இரண்டு எடுக்கவேணும்" என்றார் என் கணவரிடம். "உவன் வருவான் எண்டு எனக்குத் தெரியும். வந்திட்டான் பாத்தீங்களே?"

ஐயர் நிமிர்ந்து கேட்டார்: "கிரியை செய்யிறது ஆர்?"

மாலதி அக்கா அண்ணனைப் பார்த்தா. பிறகு கதவைப் பார்த்தா. பிறகு நிலத்தைப் பார்த்தா. அண்ணன் முன்னால் ஒரு அடி வைத்தார்.

"அந்தப் பிள்ளைதான்" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது. கீச்சென்று வந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்தப் பிள்ளை என்னைத்தான் பாத்தவன். நான் கமராவுக்குப் பின்னாலை நிண்டனான். அவனுக்கு ஒண்டும் தெரியாது, வேதக்காரப் பெடியன். நான்தான் கை காட்டினனான்."

"தங்கச்சி" என்றார் அவர், அதே சிரிப்போடு. "உங்களுக்கு உந்தப் படங்கள் விளங்காது."

"படம் எனக்கு விளங்காதுதான் அண்ணை. குடம் எந்தப் பக்கத்தாலை சுத்துறது எண்டு விளங்கும். அவன் மற்றப் பக்கம் போகப் பாத்தான். நான் இப்பிடிக் காட்டினன்." கையை வீசிக் காட்டினேன். "அப்பதான் நிமிந்து பாத்தான். நீங்கள் அதிலைதான் வட்டம் போட்டிருக்கிறியள்."

ஐயர் தலையாட்டினார். "ஓம் ஓம், பெடியன் மற்றப் பக்கம் திரும்பத்தான் பாத்தவன். நான் சொல்ல வாய் எடுக்க முதல் சரியாப் போனான். ஆர் சொல்லிக்குடுத்தது எண்டு யோசிச்சனான்."

மாலதி அக்கா எழும்பிக் கதவடிக்குப் போனா.

"தம்பி, நீ அண்டைக்கு ஆரைப் பாத்தனி?"

நிரோஷுக்குத் தமிழ் அவ்வளவு ஓடாது. "அன்ரியை" என்று என்னைக் காட்டினான். "எனக்குப் பயமாயிருந்தது அம்மா. பிழையாச் செய்தால் கஜன் போற இடத்துக்குப் போகேலாமப் போயிடும் எண்டு."

அப்போதுதான் அவன் அழுதான். கீழே பார்த்து அல்ல. மாலதி அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதான். மாலதி அக்கா அவனைப் பிடித்துக் கொண்டுவந்து ஐயருக்கு முன்னால் இருத்தினா. அண்ணன் ஓரமாக விலகி, தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து அவனுக்குப் போட்டார்.

கமராவில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் லென்சைத் திருகிக்கொண்டிருந்தார், நிரோஷின் முகத்தைக் கிட்டக் கொண்டுவர. நான் மேசையில் கிடந்த ஒரு துணியை எடுத்து லென்சுக்கு மேல் போட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நிரோஷைப் பற்றியோ மாலதி அக்காவைப் பற்றியோ ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, கவனம். விலை கூடின சாமான்" என்றார்.

பிறகு முக்காலியை மடக்கினார். சாப்பாடு கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் டுசல்டோர்ஃபில் ஒரு கலியாணத்துக்குப் படம் பிடிக்கப் போனார். அந்த வீடியோ சிவப்பு வட்டத்தோடு எல்லோருடைய கைப்பேசியிலும் அப்படியே இருந்தது.